மேலே பிடித்த துரு

தண்ணீர் கீழேதான் தேங்கும். அதனால் கிடையாகப் படுத்திருக்கும் இரும்புக் குழாய்க்குள் துரு முதலில் அடிப்பக்கம்தான் பிடிக்கும். இதில் பொன்ராஜுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. துறைமுகத்துச் சுங்க இலாகாவில் இருபத்தொரு வருஷம் இரும்புச் சரக்கைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கியவர் அவர்.

ஆனால் கிளென்மார்கன் எஸ்டேட் முற்றத்தில் அடுக்கி வைத்திருந்த குழாய்களில் துரு மேலே பிடித்திருந்தது.

வாய்க்குள் விரலை விட்டு மேல்பக்கம் தடவினால், கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், பத்துப் பைசா அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அடுத்த குழாயிலும் அதே இடம், அதே அளவு. அதற்கடுத்ததிலும் அப்படியே. அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. குழாய் முழுக்கக் கறுப்பு வார்னிஷ் பூசியிருந்ததால் துரு பிடிக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆக வேண்டும்.

அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஏழாவது குழாய்க்குள் விரலை விட்டார்.

"சார், போதுங்க," என்றாள் ரோஸ்மேரி. "குழாய்க்குப் பல்லு இருந்திருந்தா இந்நேரம் கடிச்சிருக்கும்."

ரோஸ்மேரி அவருடைய உதவியாளர். சுங்க வேலையை விட்டபின் குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே அவர் நடத்தும் ஒற்றை அறைத் துப்பறியும் ஆபீசில் டைப் அடிப்பாள், ஃபோன் எடுப்பாள், வாடகை கேட்டு வருபவரைச் சிரிக்க வைத்துத் திருப்பி அனுப்புவாள். வயது நாற்பது. விடிவதற்கு முன் பஸ் ஏறி, பைக்காராவில் இறங்கி, எஸ்டேட் ஜீப்பில் குலுங்கி வந்தும் அவளுடைய வாய் மட்டும் களைக்கவில்லை. பொன்ராஜுக்கு முட்டி, முதுகு, மனசு மூன்றும் களைத்திருந்தன.

"துரு ஏன் மேல இருக்கு, ரோஸ்மேரி?"

"குளிருக்கு மேல ஏறி வெயில் காயுதோ என்னமோ. மூணு மணிக்கு ஆளைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. நாம துருவைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்."

அது உண்மைதான். ஷெட் வாசற்படியில், ஒரு காக்கிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்தமுத்து உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டின் காவல்காரர். கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இரு நாட்டு ஒப்பந்தப்படி கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. அவருக்குப் பத்தடி தள்ளி நின்ற போலீஸ் ஜீப்பில் ஏட்டையா ஒருவர் மப்ளரைக் காதோடு கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு மேல் பனி மூடிவிட்டால் ரோடு தெரியாது; அதற்குள் காத்தமுத்துவை ஊட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. வேலை போனால் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், கொடுத்த அறையும் போகும். அதில் காத்தமுத்துவின் மனைவி தெய்வம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

குற்றச்சாட்டு இதுதான்: முப்பத்தாறு வெளிநாட்டுக் குழாய்களை விற்றுவிட்டு, அந்த இடத்தில் முப்பத்தாறு உள்ளூர்க் குழாய்களை அடுக்கி வைத்துவிட்டார்.

ரோஸ்மேரி குழாய் அடுக்கைச் சுற்றி வந்தாள். அடியில் எட்டு, அதன்மேல் ஏழு, அதன்மேல் ஆறு என்று உச்சியில் ஒன்றில் முடியும் முக்கோண அடுக்கு. ஒவ்வொன்றும் இருபதடி நீளம்.

"இருபதடிக் குழாயை இடுப்புல சொருகிட்டுப் போனாருங்களா?"

"பத்து வாரம் ஆயிருச்சு. தினம் தேயிலை லாரி கீழே போகுது. பெட்டிக்கு அடியில போட்டுக் கொண்டுபோயிருக்கலாம்னு சொல்றாங்க. முடியாதுன்னு நம்மளால நிரூபிக்க முடியல."

"ஏனுங்க சார், எனக்கு அடிப்படையே புரியல. வரி கட்டினவனுக்கு அதைத் திருப்பிக் குடுன்னு கோர்ட்டு சொல்லுமாங்க? எங்க வீட்டு வரியை இதுவரைக்கும் யாரும் திருப்பிக் குடுக்கலையே."

பொன்ராஜின் சோர்வு ஒரு நிமிஷம் விலகியது. யாராவது ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று கேட்டுவிட்டால் அவருக்கு அப்படித்தான்.

"கேத்தியில ஒருத்தர் கோஸ் போடறார். தன் ஊர்ல கிலோ ஒரு ரூபாய்க்கு விக்கிறார். அதே கோஸைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் அரை ரூபாய்க்குக் கொட்டறார். அங்க கோஸ் போடறவன் என்ன ஆவான்?"

"கடையை மூடிட்டுப் போவான்."

"அவன் மூடின மறுநாள் இவர் ரெண்டு ரூபாய் சொல்லுவார். அதனால கோயமுத்தூர் வாசல்லயே அந்த அரை ரூபாயை மேல்வரியாப் போட்டு, விலையைச் சமம் பண்ணிடறது. குழாய்க்கும் அதேதான். வெளிநாட்டு ஆலை தன் நாட்டு விலையைவிடக் குறைச்சு இங்க கொட்டுதுன்னு மேல்வரி போட்டாங்க. இறக்குமதி பண்ண கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. அங்க விக்கிற தடிக் குழாயோட விலையையும் இங்க வர்ற மெல்லிசுக் குழாயோட விலையையும் வச்சு ஒப்பிட்டிருக்கீங்க, அது தப்புன்னு கோர்ட்டு சொல்லிருச்சு."

"கோஸுக்குப் பதிலா காலிஃபிளவர் விலையைப் பார்த்த மாதிரி."

"அதேதான். மறுபடி ஒப்பிடு, மேல்வரியைக் குறை, கூடுதலா வாங்கினதைத் திருப்பிக் குடுன்னு உத்தரவு. ஆனா ஒரு நிபந்தனை. குழாய் எந்த இடத்துல இருக்கோ அங்கே அதிகாரி போய் நேர்ல பார்க்கணும்."

அந்த அதிகாரிதான் சுசீலா. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார். முன்பு துறைமுகத்தில் பொன்ராஜுக்குக் கீழே வேலை பார்த்தவர். நேற்று இந்தக் குழாய்களைப் பார்த்தவுடனே, இது இறக்குமதிச் சரக்கு இல்லையென்று சுசீலாவுக்குத் தெரிந்துவிட்டது. வெளிநாட்டு ஆலையின் குழாய் தையலில்லாதது; சுட்ட இரும்புக் கட்டியை நடுவில் துளைத்து இழுத்துச் செய்வது. உடம்பில் ஆலையின் முத்திரை இருக்கும். இங்கே இருந்ததோ தகட்டைச் சுருட்டி ஓரத்தைப் பற்றவைத்த குழாய். உள்ளே விரல் விட்டால் நீளவாக்கில் தழும்பு மாதிரி ஒரு மேடு தட்டுப்படும். முத்திரை எதிலும் இல்லை.

உடனே இறக்குமதி செய்த கம்பெனியின் ஆள் பவுல்ராஜ் ஒரு காகிதத்தை நீட்டினார். "ஆலை முத்திரையுள்ள முப்பத்தாறு குழாய்களைப் பெற்றுக்கொண்டேன்" என்று இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே காத்தமுத்துவின் கைநாட்டு.

சுசீலாவுக்கு அந்தக் காகிதம் வந்த வேகம் பிடிக்கவில்லை. பொன்ராஜுக்கு ஃபோன் போட்டார்.

பொன்ராஜ் படியில் காத்தமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி சத்தம் போட்டது.

"காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு கேக்கலையா?"

"கேக்கிறதா ஐயா?" காத்தமுத்து சிரிக்கப் பார்த்தார். "கண்டியில ஒரு காயிதம், தலைமன்னாருல ஒண்ணு, மண்டபத்துல ஏழோ எட்டோ. எதுலயும் என்ன எழுதியிருக்குன்னு யாரும் கதைச்சதில்ல. கேட்டவன வரிசையில கடைசிக்குப் போகச் சொல்லிட்டாங்க. கைநாட்டு வச்சா உள்ள. வைக்காட்டி வெளிய. அப்படியே பழகிப்போச்சுங்கையா. காயிதத்தக் கண்டா பெருவிரல் தானா நீளுது."

"குழாய் வந்தப்ப முத்திரையைப் பார்த்தீங்களா?"

"முத்திரைன்னா என்னன்னே தெரியாதே ஐயா. லாரி வந்திச்சு, இறக்கினோம், அடுக்கினோம். அன்னிலேருந்து ஒரு குழாயக்கூட யாரும் தொடல. நான் இங்கேயேதான் இருக்கேன்."

ஷெட்டுக்குள்ளிருந்து பவுல்ராஜ் வெளியே வந்தார். கம்பளிக் கோட்டு, மடிப்புக் கலையாத பேண்ட், மரியாதையான குரல்.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்குங்க. ஏழை மனுஷன். ஆனா போலீஸ் எழுதிக் குடுத்துட்டா எங்களுக்குப் போதும். பெரிசா தண்டனை வேணும்னு நாங்க கேக்க மாட்டோம்."

"இவ்வளவு நல்ல மனசை எங்கே வச்சிருந்தீங்க, கோட்டுப் பாக்கெட்டுலயா?" என்றாள் ரோஸ்மேரி.

பொன்ராஜ் சுசீலாவைத் தனியே அழைத்தார். "போலீஸ் திருட்டுன்னு எழுதினா என்ன ஆகும்?"

"குழாய் இங்க வந்து, அப்புறம் திருட்டுப் போச்சுன்னு ஆயிரும், சார். வந்ததுக்குக் கைநாட்டு இருக்கு. போனதுக்கு எஃப்.ஐ.ஆர். இருக்கும். ரெண்டையும் வச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா, மேல்வரியைத் திருப்பித் தர்றதைத் தவிர எனக்கு வழியில்ல."

"அப்ப இந்த மனுஷன் ஜெயிலுக்குப் போனாத்தான் அவங்களுக்குப் பணம் வரும்."

"ஆமா சார். ஆனா குழாய் இங்க வந்து மாறினதா, இல்ல வந்ததே இதுதானான்னு எனக்கு யார் சொல்லுவாங்க?" சுசீலா கையிலிருந்த கட்டைப் பிரித்தார். "கம்பெனி கோர்ட்டுல குடுத்த பத்திரத்தோட நகல் இது. குழாய் வந்த மறுநாள் எடுத்த படம்னு இதை இணைச்சிருக்காங்க."

தபால் அட்டை அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அடுக்கை முன்பக்கமிருந்து எடுத்திருந்தார்கள். முப்பத்தாறு வாய்கள். உடம்பு தெரியாததால் முத்திரை இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. பின்பக்கம், "எஸ்டேட்டில் இறக்கப்பட்ட இறக்குமதிக் குழாய்கள்" என்று தேதியோடு எழுதி பவுல்ராஜ் கையெழுத்துப் போட்டிருந்தார். பொன்ராஜ் பெருமூச்சு விட்டுப் படத்தைச் சட்டைப் பையில் வைத்தார். மணி இரண்டு இருபது.

அப்போது தெய்வம்மா லயத்திலிருந்து ஒரு தட்டில் கண்ணாடி டம்ளர்களோடு வந்தாள். அழுது முடித்த முகம். ஆனாலும் வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"பாலில்லைங்க. பிளேன்டீதான். தேசிக்கா இருக்கு, புளிஞ்சுக்குங்க."

தட்டில் பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழம் இருந்தது. ரோஸ்மேரி ஒன்றை எடுத்துப் பொன்ராஜின் டம்ளருக்கு மேலே பிழிந்தாள். பாதிச் சாறு டம்ளரில் விழுந்தது. மீதி அவருடைய மடியில் கிடந்த கைக்குட்டையில் தெறித்தது.

"ஐயோ, சாரிங்க சார்."

பொன்ராஜ் குனிந்தார். கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து துருவைத் துடைத்துத் துடைத்து அதில் ஏழெட்டுப் பழுப்புக் கறைகள். சாறு படாத கறை பழுப்பாகவே இருந்தது. சாறு பட்ட கறைகள் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தன.

"ரோஸ்மேரி, இன்னும் கொஞ்சம் பிழிங்க."

"டீயிலயா?"

"கைக்குட்டையில."

அவள் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பிழிந்தாள். கறைகள் எல்லாமே மஞ்சளாயின. ஷெட் கதவின் கீலில் நிஜமான துரு இருந்தது. பொன்ராஜ் எழுந்து போய், கைக்குட்டையின் மறுமுனையில் அதைத் துடைத்து அதன்மேலும் பிழியச் சொன்னார். அது பழுப்பாகவே இருந்தது.

"இது துரு இல்ல," என்றார். "மஞ்சள்ல சுண்ணாம்பைச் சேர்த்தா சிவக்கும். அதைக் காயவச்சு இடிச்சாக் குங்குமம். புளிப்பு பட்டா சுண்ணாம்போட வேலை முறிஞ்சு, மஞ்சள் திரும்பி வந்துரும். துருவுக்கு இந்த வித்தை தெரியாது." அவர் தெய்வம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, குழாய்க்குள்ள பொட்டு வச்சீங்களா?"

தெய்வம்மா பயந்து போனாள். இன்னொரு குற்றம் சேர்கிறதோ என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"புது இரும்பு வந்தா வைக்காம இருக்கலாமாங்க? கத்தி வந்தாலும் வைப்போம், செடி வெட்டற கவ்வாத்துக் கத்திரி வந்தாலும் வைப்போம். அங்க தோட்டத்துல தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு மெஷின் வந்தப்பவும் நாங்கதான் வச்சோம். லாரி வந்த அன்னிக்கு அந்தியில வச்சேன். வேற ஒண்ணும் செய்யலைங்கையா."

"ஏன் உள்ளே வச்சீங்க? அதுவும் மேல்பக்கம்?"

"மழை மலையில வெளிய வச்சா நிக்க ஏலாதுங்க. உள்ள அடிப்பக்கம் வச்சா தண்ணி ஓடிக் கழுவிரும். மேல வச்சாத்தான் இருக்கும். எண்ணெயில கொழச்சு வைக்கணும்."

பொன்ராஜ் ஒரு நிமிஷம் அவளை மெச்சிப் பார்த்தார். தண்ணீர் எங்கே போகும் என்பதை அவரைவிட நன்றாக யோசித்திருக்கிறாள்.

சுசீலாவின் முகம் மலர்ந்தது. "அப்ப வந்த குழாயே இதுதான்!"

"மன்னிக்கணும் மேடம்," என்றார் பவுல்ராஜ். குரலில் மரியாதை குறையவில்லை. "பொட்டை நேத்துக்கூட வச்சிருக்கலாம். குழாயை மாத்தினவன் சம்சாரம் பொட்டு வைக்க மாட்டாளா? லாரி வந்த அன்னிக்குத்தான் வச்சாங்கன்னு யார் சாட்சி?"

ஜீப்பில் ஏட்டையா கண் விழித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். காத்தமுத்து கம்பளியை மடித்துத் தெய்வம்மாவிடம் கொடுத்தார். "பிள்ளைகளுக்குப் போத்து," என்றார். பள்ளத்திலிருந்து பனி தேயிலைச் செடிகளுக்கு மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

"கொஞ்சம் இருங்க ஏட்டையா," என்றார் பொன்ராஜ். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. ரொம்ப நேரம் தேடிய செருப்பைக் கட்டிலுக்கடியில் கண்டவர் மாதிரிதான் இருந்தது. "சாட்சி என் பையில இருக்கு."

படத்தை எடுத்துச் சுசீலாவிடம் கொடுத்தார். பையைத் துழாவிப் பூதக்கண்ணாடியையும் கொடுத்தார்.

"ஒவ்வொரு வாயிலும் மேல்பக்கம் பாருங்க. கறுப்பு வார்னிஷ்ல சின்னதா ஒரு வெளிறின புள்ளி தெரியுதா? எண்ணுங்க."

சுசீலா வரிசை வரிசையாக எண்ணினார். எண்ணி முடித்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "முப்பத்தஞ்சுதான் சார் வருது."

"அது அச்சுல விழுந்த தூசி," என்றார் பவுல்ராஜ்.

"முப்பத்தஞ்சு வாயிலயும் ஒரே இடத்துல விழற தூசியா?" என்றாள் ரோஸ்மேரி. "ஒழுக்கமான தூசிங்க."

பொன்ராஜ் படத்தைத் தெய்வம்மாவிடம் காட்டவில்லை. "எல்லாக் குழாய்க்கும் பொட்டு வச்சீங்களாம்மா?"

"ஒண்ணுக்கு வைக்கலைங்க."

"எதுக்கு?"

அவள் அடுக்குக்கு நடந்து போனாள். கீழிருந்து நாலாவது வரிசை, இடது பக்கமிருந்து இரண்டாவது. "இதுதாங்க."

"ஏன் வைக்கல?"

"அதுக்குள்ள தவளை உக்காந்திருந்துச்சு. கைய விட்டேன், சில்லுன்னு பட்டுச்சு. பயந்து எடுத்துட்டேன். அப்புறம் விட்டுட்டேன்."

ரோஸ்மேரி குனிந்து அந்தக் குழாய்க்குள் விரலை விட்டு மேல்பக்கம் நன்றாகத் தேய்த்தாள். வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். சுத்தமான விரல். "தவளை ஊட்டுல இல்லீங்க சார். ஆனா பொட்டும் இல்ல." மற்ற குழாய்கள் ஒவ்வொன்றிலும் விரலை விட்டாள். முப்பத்தைந்து முறை விரல் பழுப்பாக வந்தது.

சுசீலா படத்தில் கீழிருந்து நாலாவது வரிசையைத் தேடினார். இடமிருந்து இரண்டாவது வாய். புள்ளி இல்லை.

"படம் எங்க இருந்துச்சு இத்தனை நாளும்?" என்று கேட்டார் பொன்ராஜ்.

"மெட்ராஸ்ல. கோர்ட்டுல," என்றார் சுசீலா.

"காத்தமுத்துவோ இந்தம்மாவோ இதைப் பார்த்திருக்க முடியாது. குழாயை மாத்தினவன், மறுபடி எல்லாத்துக்கும் பொட்டு வச்சு, பத்து வாரத்துக்கு முன்னாடி தவளை இருந்த இடத்தை மட்டும் ஞாபகமா விட்டுவைப்பானா? எதுக்கு? யாரும் பார்க்காத பொட்டுக்கு?" அவர் பவுல்ராஜைப் பார்த்தார். "படம் எடுத்தப்ப நீங்க பக்கத்துலதான் நின்னிருக்கீங்க. இதுதான் வந்த சரக்குன்னு பின்னாடி கையெழுத்துப் போட்டது நீங்க. நேர்ல வந்து பார்க்கச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு போடும்னு அப்போ தெரியாது. இந்த மலைக்கு யார் ஏறி வரப்போறாங்கன்னு நினைச்சிருப்பீங்க. நிஜக் குழாய் கீழேயே நல்ல விலைக்குப் போயிருக்கும்."

பவுல்ராஜ் கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். ஏட்டையா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

ரோஸ்மேரி ஷெட்டுக்குள் உட்கார்ந்து சுசீலாவின் தாளில் வாக்குமூலத்தை எழுதினாள். எழுதி முடித்து, மைப்பெட்டியோடு காத்தமுத்துவின் முன் வைத்தாள்.

காத்தமுத்துவின் பெருவிரல் தானாக நீண்டது. மைக்கு மேலே போய் நின்றது. பிறகு அவர் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, கோவிக்காதீங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க. கேட்டபொறகுதான் வைப்பேன்."

"ரோடு மூடிரும்பா," என்றார் ஏட்டையா.

"மூடட்டும்," என்றார் பொன்ராஜ். "படிங்க, ரோஸ்மேரி."

ரோஸ்மேரி இந்த ஒரு தடவை வேடிக்கை எதுவும் பேசாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தாள்:

"இந்த முற்றத்தில் இருக்கும் முப்பத்தாறு குழாய்களும் லாரியில் வந்து இறங்கிய அதே குழாய்கள். இறங்கிய அன்றே என் மனைவி தெய்வம்மா முப்பத்தைந்து குழாய்களுக்குள் குங்குமப் பொட்டு வைத்தாள். ஒன்றில் தவளை இருந்ததால் வைக்கவில்லை. மறுநாள் கம்பெனி எடுத்த படத்தில் அதே முப்பத்தைந்தில் பொட்டு இருக்கிறது, அதே ஒன்றில் இல்லை. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆகவே யாரும் எந்தக் குழாயையும் மாற்றவில்லை. வெளிநாட்டுக் குழாய் இந்த மலைக்கு வரவே இல்லை."